ஸ்டியரிங்கில் வருதா, சீட்டில் வருதா?

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும்போது திருமயம் தாண்டியதும் ரோடு நீட்டாகக் கிடக்கும். கோட்டை பைரவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தால், நமணசமுத்திரம் வரைக்கும் கால் தானாக அழுத்தும். எங்கள் வீட்டுக் காரில் உதறல் தெரிய ஆரம்பித்தது அந்த ரோட்டில்தான். 80 வரைக்கும் ஒன்றும் தெரியாது. 85-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக மெல்ல நடுங்கும். 90-ல் கையில் கிடக்கும் வளையல் சத்தம் போடும் அளவுக்கு அதிரும். 100-க்குப் பக்கத்தில் போனால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஊருக்குள்ளே ஓட்டினால் வண்டியில் குறையே இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

கார் அப்பச்சியுடையது (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்). ஆத்தாவைக் கண் டாக்டரிடம் காட்ட அடிக்கடி திருச்சி போகவேண்டியிருந்ததால், இது பொறுத்துக்கொண்டு ஓட்டுகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. வயதானவர்களை வைத்துக்கொண்டு ஓட்டும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால் மனசு ரோட்டில் நிற்காது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அலைன்மென்ட் பார்க்கணும், லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) இரண்டும் மாற்றணும், இன்ஜின் மவுண்டும் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) போட்டுவிடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். 90-ல் வரும் அதிர்வை 40-ல் ஓட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். சரியான பதில் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் போனது எங்கள் வீட்டுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஆச்சி, உதறல் ஸ்டியரிங்ல வருதா, சீட்டுல வருதா?" என்று முதலில் கேட்டார் (எங்கள் பக்கம் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்). அதற்குப் பிறகு வரிசையாக: எந்த ஸ்பீடுல ஆரம்பிக்குது, எதுல அடங்குது? ஆக்ஸிலேட்டரை விட்டா குறையுதா? பிரேக் மிதிச்சாக் கூடுதா? கியரை மாத்தினா மாறுதா? வண்டியை எடுத்த உடனேவா, கொஞ்ச தூரம் ஓடின பிறகா? "இதுக்கெல்லாம் பதில் கொண்டாங்க. அப்புறம் வண்டியை ஜாக்கில ஏத்தலாம்."

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் சந்தேகப்பட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல முடியாது, ஆனால் தேடத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அதே 90-ல் ஐந்தாவது கியரிலும் நாலாவது கியரிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். சக்கரம் சுற்றும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். இன்ஜின் சுற்றும் வேகம் மட்டும் மாறும். அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜினையும் அதன் மவுண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து வண்டியைச் சில விநாடி தானாக ஓடவிட்டுப் பாருங்கள். சாவியை மட்டும் அணைக்கவே கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவியும் போய்விடும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறி, பெடலும் காலில் துடித்தால் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும்; அதன் தடிமன் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். அதிர்வைவிட 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் பெரிதாக வந்து, லேசாக வளைவில் திருப்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

காலையில் ரோடு காலியாக இருக்கும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போய்ப் பார்த்தேன். ஓட்டுபவர் ரோட்டைத்தான் பார்க்கவேண்டும். குறித்துக்கொள்ள இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். பதில் தெளிவாக வந்தது. ஸ்டியரிங்கில்தான் அதிகம், சீட்டில் லேசாக. கியர் மாற்றியும் மாறவில்லை. கிளட்ச் மிதித்தும் மாறவில்லை. பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பீடு ஒன்றுக்குத்தான் அது கட்டுப்பட்டது. ஆகவே சக்கரம், அதிலும் முன் சக்கரம். ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்ஜின் மவுண்ட் செலவு மிச்சம்.

ஏன் 90-ல் மட்டும் என்பது எனக்கு நாளெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் டயர் 165/80 ஆர்14. அதன் விட்டம் சுமார் 62 செ.மீ., ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர் போகும். மணிக்கு 90 கி.மீ. என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அப்படியென்றால் சக்கரம் விநாடிக்கு கிட்டத்தட்ட 13 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை சுமார் மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். விநாடிக்கு 13 முறை, சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும் என்பதால், 45-ல் அது கால்வாசிதான். நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, அப்படியென்றால் 100-ல் இன்னும் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது? முன் சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு இயல்பாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. முகப்பில் தொங்கும் ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரத்துக்குச் சரியாகத் தள்ளினால் சின்னக் கையாலேயே உயரத்துக்கு ஏற்றிவிடலாம். நேரம் தப்பித் தள்ளினால் ஆட்டம் ஏறாது. சக்கரம் சுற்றும் கணக்கு அந்த இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகும் இடம்தான் நமக்கு உதறலாகத் தெரிகிறது. நிறையக் கார்களில் 80-க்கும் 110-க்கும் நடுவில் இது வருவது அதனால்தான். உதறல் அடங்கும் வேகத்துக்கு ஏற்றி ஓட்டினால் குறை போய்விடாது. விசை அங்கே அதிகமாகவே இருக்கிறது. பேரிங்கும் புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த இடத்தில் லோயர் ஆர்முக்கும் ஒரு வார்த்தை. தேய்ந்த புஷ், ஆடும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முனை) இவையெல்லாம் அதிர்வை உண்டாக்குவது அபூர்வம். வேறு எங்கோ பிறந்த அதிர்வைத் தடுக்காமல் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவை செய்யும் வேலை. புதிதாக மாற்றினால் உதறல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். பிறந்த இடம் அப்படியே இருக்கும், சில மாதத்தில் திரும்ப வரும். நம் ஊரில் நிறையப் பேருடைய பணம் போவது இந்த வழியில்தான். அலைன்மென்டும் அப்படித்தான்: வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஓரம் தேய்ந்தால் அது தேவை. 90-ல் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவதற்கு அது மருந்து கிடையாது. அலைன்மென்டும் பேலன்ஸிங்கும் ஒரே கடையில் ஒரே பில்லில் நடப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அலைன்மென்ட் சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது; பேலன்ஸிங் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது.

அண்ணன் வண்டியை ஏற்றியதும் முதலில் பார்த்தது ரிம்மின் உட்பக்கத்தை. மழைக்காலத்தில் கண்மாய்க் கரை ரோட்டில் போய்விட்டு வந்தால் நம் செம்மண் ரிம்முக்குள் அப்பிக்கொள்ளும், வெயில் பட்டதும் செங்கல்லாக இறுகிவிடும். கழுவுகிறவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் பளபளப்பாக்குவார்கள். எங்கள் பின் சக்கரம் ஒன்றில் ஒரு பிடி மண் ஒட்டியிருந்தது. சீட்டில் வந்த லேசான அதிர்வுக்குக் காரணம் அதுதான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் கழுவியதோடு அது தீர்ந்தது. முன்பக்கம் வலது ரிம்மில், எடையைச் சமமாக்க மாட்டும் ஈயக்கட்டி இருந்த இடத்தில் கிளிப்பின் தடம் மட்டும் இருந்தது, கட்டியைக் காணோம். அலாய் வீல் வைத்திருப்பவர்கள் உட்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் வெயிட்டைப் பார்க்கவேண்டும். அழுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் நாலு நாளில் விழுந்துவிடும்.

அடுத்தது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவது. அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆடுவது டை ராட் எண்ட். எங்களுடையது எல்லாம் இறுக்கமாக இருந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெடிப்புக்கூட இல்லை.

பிறகு பேலன்ஸிங். நாலு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் முன்னால் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். டயர் கடையில் இருந்த தம்பி நல்ல வேலைக்காரன். மெஷினின் ஷாஃப்ட்டையும் கோனையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டினான். கோனில் மண் இருந்தாலோ சக்கரம் நடுவில் உட்காராவிட்டாலோ மெஷின் காட்டும் அளவு அத்தனையும் பொய்யாகிவிடும். அதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, அவனே செய்து காட்டினான். பூஜ்யம் காட்டியதும் சக்கரத்தைத் தளர்த்தி, ஷாஃப்ட்டில் அரை வட்டம் திருப்பி மாட்டி மறுபடி சுற்றவிடவேண்டும். திரும்பவும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் வேலை சரி. 15, 20 கிராம் என்று காட்டினால் மாட்டிய விதமே தப்பு. நீங்கள் கேட்டால் எந்தக் கடையிலும் செய்வார்கள், ஐந்து நிமிஷ வேலை.

நாலும் பூஜ்யம். வெளியே எடுத்து ஓட்டினேன். உதறல் பாதி குறைந்திருந்தது, போகவில்லை.

மெஷின் பூஜ்யம் சொல்லிய பிறகும் அதிர்ந்தால் பலரும் சக்கரத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடப் போவார்கள். ஆனால் அந்த மெஷின் பார்ப்பது எடையை மட்டும்தான். சக்கரம் அதில் அந்தரத்தில் சுற்றுகிறது. ரோட்டில் அதன்மேல் வண்டியின் பாரம் உட்கார்ந்திருக்கிறது. டயர் வட்டம் தப்பியிருந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் விறைப்பாக இருந்தாலோ, எடை சமமாக இருக்கும்வரை மெஷின் பூஜ்யம்தான் காட்டும். முட்டை வடிவச் சக்கரத்தைக்கூட பேலன்ஸ் செய்துவிடலாம், ரோட்டில் ஏறி இறங்கத்தான் செய்யும்.

அண்ணன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது), பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் டயருக்கு முன்னால் செங்கல்களை அடுக்கினார். அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, முனை டயரின் நடுப் பட்டையை உரசியும் உரசாமலும் இருக்கும்படி நகர்த்தினார். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு என்னைச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். வலது டயரில் இடைவெளி ஒரே சீராக இருந்தது. இடது டயரைச் சுற்றும்போது 'சர்ர்' என்று உரசிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சத்தம் நின்றது. குனிந்து பார்த்தால் முனைக்கும் ரப்பருக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது. கைப்பிடி அகலத்துக்கு அந்தப் பள்ளம். அப்புறம் மறுபடி உரசல். அந்த இடத்தை சாக்பீஸால் குறித்தார். ரிம் வளைந்ததா என்று பார்க்க, முனையை ரிம்மின் விளிம்புக்குக் கொண்டுபோய்த் திரும்பச் சுற்றினோம். ரிம் நேராக இருந்தது. குறை டயரில்தான்.

"வண்டி ரொம்ப நாள் நின்னுச்சா ஆச்சி?" என்றார். நின்றதுதான். அப்பச்சியும் ஆத்தாவும் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குச் சென்னை போய் மாதக்கணக்கில் இருந்தபோது, கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டுத் தெருவைப் பார்த்த கார் செட்டில் கவர் போட்டபடி கிடந்தது. செட்டிநாட்டில் பாதி வீடுகளின் கார்கள் இப்படித்தான் இருக்கின்றன: ஊர்க் கோயில் திருவிழா, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வரும்போது எடுப்பது, மிச்ச நாளெல்லாம் செட்டில். நிற்கும் டயரில் காற்று மெல்ல இறங்கும். இறங்கிய டயர் தரையில் அதிகம் அழுந்தும். அழுந்திய இடம் நாளடைவில் தட்டையாகவே பழகிவிடும். சில நாள் நின்ற வண்டி என்றால் கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் தானாகச் சரியாகும். கிளம்பும்போது மட்டும் தடதடவென்று இருந்து, அரை மணியில் போய்விட்டால் கவலை வேண்டாம். மாதக்கணக்கில் காற்றில்லாமல் நின்ற டயர் அப்படி மீளாது.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எண்கள் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம். கொத்து (டயரின் மேற்பட்டையில் வெட்டிய பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று நிற்கும் கார் டயரை நம்பக்கூடாது. நம் வெயிலில் ரப்பர் ஓடாமலேயே வயதாகும். எங்கள் டயரில் கொத்து பாதிக்கு மேல் இருந்தது, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகளும் இருந்தன.

உடனே டயர் வாங்கச் சொல்லவில்லை அண்ணன். சந்தேகப்பட்ட டயர் இருந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் சரியானது என்று தெரியும். ஸ்டெப்னி அதே அளவு டயரா என்று முதலில் பாருங்கள். சில கார்களில் சின்ன டயரும் 80-க்கு மேல் போகாதே என்ற ஸ்டிக்கரும் இருக்கும். அதை வைத்து இந்தச் சோதனை செய்யக்கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் பார்க்கலாம். அதிர்வு ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். எங்கள் ஸ்டெப்னி முழு அளவு. மாட்டி ஓட்டினால் 90-ல் கிட்டத்தட்ட அமைதி.

டயர் புதிதாக இருந்து வட்டம் லேசாகத்தான் தப்பியிருந்தால், ரிம்மிலிருந்து கழற்றி அரை வட்டம் திருப்பி மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும். ரிம்மின் மேடும் டயரின் மேடும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் பிரிந்துவிடும். வெடிப்பு விட்ட டயருக்கு அந்த வேலை வேண்டாம். ஜோடியாக இரண்டு புது டயர் வாங்கினோம். புதிதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவந்தார்கள். முன்னால்தானே போடவேண்டும் என்று அப்பச்சி போனில் சண்டைக்கு வந்தார்கள். மழை ரோட்டில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடிப்பது கஷ்டம் என்று விளக்கிய பிறகு சம்மதித்தார்கள்.

இன்னும் ஒரு நூல் அதிர்வு மிச்சம் இருந்தது. வேறு யாராவது என்றால் போதும் என்று விட்டிருப்பார்கள். அண்ணன் விடவில்லை. வலது முன் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுத் தட்டு) முகத்தை விரலால் தடவிக் காட்டினார். துருவும் செம்மண்ணும் சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ரிம் அதன்மேல் படிந்து உட்காராமல் மயிரிழை சாய்ந்து நின்றிருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எமரித் தாளால் ஹப்பையும் ரிம்மின் உள்முகத்தையும் சுத்தம் செய்தார். பிறகு சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்தபடியே நட்டுகளைக் கையால் முடுக்கி, ஒன்று விட்டு ஒன்றாக எதிரெதிரே சிறிது சிறிதாக இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு முடித்தார். ஏர் கன்னால் ஒரு பக்கத்திலிருந்து 'டர்ர்' என்று அடித்தால் ரிம் கோணலாகவே உட்கார்ந்துவிடும். நட்டு மரையில் கிரீஸ் தடவுவதும் வேண்டாம். அளவு தப்பி இறுகிவிடும். வெளியே வாங்கிய அலாய் வீல் போட்டவர்களுக்கு இன்னொன்று: நடுத் துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் சென்டர் ரிங் வேண்டும். அது இல்லாமல் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் உதறல் போகாது.

அதற்குப் பிறகு ஆத்தாவைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனபோது, முழு வழியும் தூங்கிக்கொண்டே வந்தார்கள்.

எல்லா அதிர்வையும் இப்படி நிதானமாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நேற்று வரை இல்லாதது இன்று திடீரென்று வந்தால், வேகம் குறைந்தாலும் அடங்காமல் கூடிக்கொண்டே போனால், ஓரம் கட்டி இறங்கிப் பாருங்கள். டயரின் மேற்பட்டையிலோ பக்கச் சுவரிலோ புடைப்பு இருந்தால் உள்ளே அடுக்கு பிரிந்தோ அறுந்தோ போயிருக்கிறது. அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். பஞ்சர் ஒட்டி வந்த பிறகு உதறல் ஆரம்பித்தால் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று அந்த நிமிஷமே பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

கானாடுகாத்தானில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் இப்போது ஒரு வேலை சொல்லியிருக்கிறோம். பெற்றோர் சென்னையில் இருக்கும்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை வண்டியைப் பள்ளத்தூர் வரை ஓட்டிவிட்டு வருவார். ஓட்ட ஆள் இல்லாத வாரத்தில், டயரில் போட்டிருக்கும் சாக்பீஸ் கோடு மேலே வரும்வரை தள்ளி நிறுத்துவார். நிறுத்தும் முன் காற்றை வழக்கத்தைவிட நாலைந்து பவுண்டு கூட்டி வைத்துவிடுகிறோம், டயரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். வண்டியை வெளியூருக்கு எடுக்கும் அன்று காலையில், கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கிக்கொண்டால் போதும்.